மூன்று விரல் அளவு

தாடை டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டினார். காதுக்கு முன்னால் ஓர் இடத்தைப் பேனா முனையால் தொட்டுக் காட்டினார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, “இதுக்கு வெட்டவும் வேண்டாம், கட்டவும் வேண்டாம்” என்றார்.

நாற்காலிக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடைந்த நாற்காலி, மேஜை, கட்டில் எல்லாம் பழுதுபார்த்துக் கொடுப்பவர் என்பதால் தெருவில் அவருக்கு அந்தப் பெயர். உடைந்த சாமானைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தவரிடம், ஒன்றும் செய்ய வேண்டாம், எடுத்துக்கொண்டு போங்கள் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எப்போதோ கடையை இழுத்து மூடியிருக்க வேண்டும்.

“உடைஞ்சிருக்குன்னு நீங்கதானே டாக்டர் சொன்னீங்க?”

“உடைஞ்சுதான் இருக்கு.”

“கம்பி போட்டு இறுக்கிக் கட்ட மாட்டீங்களா?”

“மாட்டேன்.”

“தகடு வெச்சு ஸ்க்ரூ?”

“அஞ்சு வயசுப் பிள்ளைக்கா? பெரியவங்க தாடைன்னா சில சமயம் அப்படிப் பண்ணுவோம். இது மூட்டுகிட்ட உடைஞ்சிருக்கு. சின்னப் பிள்ளைங்களுக்கு எலும்பு தானா சேர்ந்துக்கும். கூழா சாப்பாடு கொடுங்க. வலி குறைஞ்ச உடனே தினமும் அடிக்கடி வாயைத் திறந்து மூட வைங்க. அவ விரல்ல மூணை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, முன்பல்லுக்கு நடுவுல நுழைக்கிற அளவுக்குத் திறக்கணும். அதான் வைத்தியம்.”

“திறக்கலேன்னா?” என்று கேட்டது அவர் மனைவி. பஸ் ஓட்டுகிறவர். எதையும் பிரேக் எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்குவார்.

“அசையாம வெச்சா மூட்டு இறுகிடும். இறுகினா எலும்பு மண்டையோட ஒட்டிக்கும். அப்புறம் வாய் திறக்காது. அந்தப் பக்கம் தாடை வளராம முகம் கோணிக்கும். வெட்டித்தான் பிரிக்கணும்.”

மனைவி ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டார். நாற்காலிக்காரரின் மனம் ‘கட்ட மாட்டேன்’ என்ற இடத்திலேயே நின்றுவிட்டது. அதற்கு மேல் அவர் பார்த்ததெல்லாம் டாக்டரம்மா உட்கார்ந்திருந்த ஸ்டூலைத்தான். அதன் பின்னங்கால் ஒன்று ஆடியது. தான் உட்காரும் ஸ்டூலையே ஆடவிட்டு வைத்திருக்கிற ஆள், பிள்ளையின் தாடையை எப்படிச் சரிசெய்வார்? டாக்டர் படிப்பில் ஒட்டுவதைப் பற்றி ஒரு பாடம்கூட வைக்கவில்லை போலிருக்கிறது என்று அவர் முடிவுகட்டினார்.

பாப்பா அம்மா மடியில் உட்கார்ந்திருந்தாள். மோவாயில் தையல் போட்டு, அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. தெருவில் அவளுக்கு லவுட்ஸ்பீக்கர் என்று பெயர். விடிந்ததிலிருந்து தூங்கும்வரை அவள் வாய் ஓயாது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டு வாழ்த்துவார்கள். அந்த லவுட்ஸ்பீக்கர் இப்போது கம்மென்றிருந்தது.

விழுந்த கதை இதுதான். ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் நாற்காலி ஒன்றைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு, காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி வாசலில் நின்றார். “ஆச்சா? இன்னும் ஆகலையா?” நாற்காலியின் காலைப் பசை போட்டுச் சொருகி, கிளாம்ப் என்கிற இடுக்கியை மாட்டி இறுக்கியிருந்தது. மறுநாள் காலைவரை அதைத் தொடக்கூடாது. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து நாற்காலிக்காரர் அந்த விதியை மீறியதே இல்லை. அன்றைக்கு அந்த ஆளின் நச்சரிப்பு தாங்காமல் மாலையிலேயே கிளாம்பைக் கழற்றிவிட்டார். ஆசாமியோ அப்போது பார்த்து டீ குடிக்கப் போய்விட்டார். பாப்பா அந்த நாற்காலியின் மேல் ஏறி நின்று, சிந்திக் கிடந்த மரத்தூளுக்கு ஒரு சொற்பொழிவு ஆற்றினாள். கால் கழன்றது. வேலைமேஜையின் விளிம்பில் மோவாய் இடித்தது.

“தவறி விழுந்துட்டா” என்று மனைவியிடம் சொன்னார். நாற்காலியை மறுபடி ஒட்டி, இந்தத் தடவை முழுசாகக் காயவைத்து, உரியவரிடம் கொடுத்துவிட்டார். நாற்காலி வாயைத் திறந்து எதுவும் சொல்லப்போவதில்லை. ஆனால் அவருக்கு உள்ளே எறும்பு கடித்துக்கொண்டே இருந்தது. கிளாம்பைச் சீக்கிரம் கழற்றியதால் உடைந்த தாடை. அதற்குக் கிளாம்பே வேண்டாம் என்கிறார் ஒரு டாக்டர்! ஒரு தடவை பட்டது போதாதா?

ஆகவே அவர் தானே வைத்தியம் பார்த்தார்.

மனைவி விடியும் முன்பே டிப்போவுக்குப் போய்விடுவார், மாலையில்தான் வருவார். பகலெல்லாம் பாப்பாவுக்கு அப்பாதான் காவல். வார்னிஷ் துடைக்கும் மெத்தென்ற துணி ஒன்றைப் புதிதாக வாங்கி, துவைத்துக் காயவைத்து, மோவாய்க்குக் கீழே கொடுத்து, உச்சந்தலையில் கொண்டுபோய் முடிச்சுப் போட்டார். வலிக்கக் கூடாது, அசையவும் கூடாது. இறுக்கத்தின் அளவு அவருக்கு விரல் நுனியில் இருந்தது. முடிச்சின் இரண்டு நுனிகளும் மேலே நீட்டிக்கொண்டு நின்றன.

“பாப்பா, நீ இப்போ முயல். முயல் பேசாது. வாயைத் திறந்தா தாடை கழண்டுடும். சரியா?”

பாப்பா தலையாட்டினாள். கண்ணாடியில் பார்த்துக் காதுகள் இரண்டையும் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அம்மாவிடம் சொல்லாதே என்றும் சொன்னார். வாய் கட்டியிருந்ததால் ரகசியத்தைக் காப்பாற்றுவதில் அவளுக்குக் கஷ்டம் எதுவும் இல்லை. குழாய் வைத்துப் பாலும் சூப்பும் குடித்தாள். அவர் இழைப்புளி தள்ளும்போது பக்கத்தில் உட்கார்ந்து சுருள்களைப் பொறுக்கிக் கோர்த்தாள். அம்மா வரும் நேரத்துக்கு முன்னால் துணி அவிழ்ந்து அலமாரிக்குப் போய்விடும்.

“வாய்ப் பயிற்சி செஞ்சாளா?” என்று மனைவி கேட்பார்.

“ம்” என்பார். பொய் சொல்லக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பானவர். அதனால் ‘ம்’ என்பதற்கு மேல் போகமாட்டார்.

மனைவி மாலையில் தன் பங்குக்கு மகளை மடியில் வைத்து, “ஆ சொல்லு கண்ணு” என்பார். பாப்பா பல்லுக்கு நடுவே ஒரு பென்சில் போகிற அளவு திறந்துவிட்டு, அழுவாள். இன்னும் வலி போலிருக்கிறது என்று தாய் மனம் விட்டுவிடும். தெரு அமைதியாக இருந்தது. இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கிய பக்கத்து வீட்டுக்காரர்கள், மூன்றாம் நாளிலிருந்து, “குழந்தைக்கு ஒண்ணும் இல்லையே?” என்று எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி டாக்டரம்மாவிடம் போனார்கள். ஸ்டூலின் கால் முன்னைவிட அதிகமாக ஆடியது. டாக்டரம்மா மெல்லிய மரக்குச்சிகளை ஒவ்வொன்றாகப் பல்லுக்கு நடுவே நுழைத்துப் பார்த்தார். சீக்கிரமே நிறுத்திக்கொண்டார்.

“முதல் நாள் இதைவிட நல்லாத் திறந்தாளே. ஒரு விரல்கூடப் போகலையே. வீட்டுல பயிற்சி பண்றீங்களா?”

நாற்காலிக்காரர் ‘ம்’ என்று சொல்ல வாயெடுப்பதற்குள் பாப்பா பல்லைக் கடித்தபடியே முந்திக்கொண்டாள். “நான் தினமும் முயல் காது கட்டிக்கிறேனே. அப்பாதான் கட்டிவிடுவார். அம்மா வந்தா அவுத்துருவார்.”

டாக்டரம்மா கேள்வி கேட்கக் கேட்க, துணி, முடிச்சு, இறுக்கம் எல்லாம் வெளியே வந்தது. வந்ததும் நாற்காலிக்காரர் தன் தரப்பு நியாயத்தையும் எடுத்துவைத்தார். பசை என்றால் என்ன, அது மரத்துக்குள் எப்படி இறங்குகிறது, ஏன் ஆட்டக் கூடாது என்று விளக்கினார். “ஒட்டணும்னுதானே டாக்டர் கட்டினேன்?” என்று முடித்தார்.

“எலும்பு எலும்போட ஒட்டணும். தாடை மண்டையோட ஒட்டக் கூடாது” என்றார் டாக்டரம்மா. குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. “வாய் எதுக்கு இருக்கு? திறக்கிறதுக்கு. இன்னும் பத்து நாள் தர்றேன். வரும்போது மூணு விரல் அளவு, இல்ல, அதுக்குக் கிட்டத்துலயாவது திறக்கணும். இல்லேன்னா மயக்க மருந்து கொடுத்து நான் திறக்கிறேன். அதுக்கும் மசியலேன்னா மூட்டை வெட்ட வேண்டி வரும். எது வேணும்னு நீங்களே பார்த்துக்குங்க.”

மனைவி கணவரைப் பார்த்தார். பஸ்ஸுக்குக் குறுக்கே ஓடுகிறவர்களைப் பார்க்கிற பார்வை அது. வீட்டுக்கு வந்ததும் அந்தத் துணியை அலமாரியிலிருந்து எடுத்து, அடுப்பு மேடையைத் துடைத்தார். தேவைக்கு மேல் அழுத்தித் துடைத்தார்.

அன்றிலிருந்து வீட்டில் வாய் திறக்கும் திருப்பணி தொடங்கியது. டாக்டரம்மா கொடுத்த குச்சிகளைப் பார்த்தாலே பாப்பா உதட்டை உள்ளே மடித்துக்கொள்வாள். நாற்காலிக்காரர் அந்தக் குச்சிகளின் மரம் மட்டமானது என்று கண்டுபிடித்து, நல்ல மரத்தில் ஓர் ஆப்பு செதுக்கி, கன்னத்தில் வைத்தால் வழுக்குகிற மாதிரி தேய்த்துக் கொடுத்தார். மனைவி அதை வாங்கி, ஆடிக்கொண்டிருந்த ஃப்ரிட்ஜின் அடியில் சொருகினார். ஃப்ரிட்ஜ் ஆடுவது நின்றது.

மனைவியின் தம்பி வரவழைக்கப்பட்டான். செருப்புக் கடையில் விற்பனையாளன். யார் மாதிரியும் நடந்து காட்டுவான், பேசிக் காட்டுவான். அக்கா புருஷனுக்கு ரம்பம் என்று பெயர் வைத்தவனும் அவன்தான். தொழிலை வைத்து வைத்த பெயர் என்று நாற்காலிக்காரர் நினைத்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, நீ கவலைப்படாத. சிரிக்க வெச்சு வாயைக் காதுவரைக்கும் திறந்து காட்டுறேன்” என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். குட்டிக்கரணம் போட்டான். தொப்பை வைத்துக்கொண்டு செருப்பு தேடும் வாடிக்கையாளர் மாதிரி நடித்தான். பாப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது. வாய் மட்டும் பூட்டினது பூட்டினபடி இருந்தது. கடைசியில் அவன்தான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“ஏன்டா செல்லம் வாயைத் திறக்க மாட்டேங்கிற?”

“திறந்தா கழண்டுடும் மாமா. டக்குனு சத்தம் வருது. அப்பா சொல்லியிருக்கார்.”

நாற்காலிக்காரர் வாசற்படியில் நின்று இதைக் கேட்டார். ஊரில் யாருமே அவர் பேச்சைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. பெற்ற பிள்ளை ஒருத்தி போட்டுக்கொண்டாள். அது இப்படியா ஆக வேண்டும்? அப்படி இல்லை, திறக்கலாம், ஒன்றும் ஆகாது என்று அன்றிலிருந்து எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். திறக்கக் கூடாது என்று சொன்ன வாயே திற என்றால் எந்தப் பிள்ளை நம்பும்?

கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு மத்தியானம், அவர் வேலையை நிறுத்தினார். பாப்பா மரச்சுருள் குவியலில் சாய்ந்துகொண்டிருந்தாள். மழை வருகிற மாதிரி புழுக்கமாக இருந்தது.

“பாப்பா, தாடை ஏன் கழலாதுன்னு சொல்றேன், கேளு. நாற்காலி ஏன் கழண்டுச்சுன்னு தெரிஞ்சாத்தான் அது புரியும்.”

மரத்திலிருந்து தொடங்கினார். வேறு இடத்திலிருந்து தொடங்க அவருக்குத் தெரியாது. பச்சை மரம், காய்ந்த மரம், அரைகுறையாகக் காய்ந்த மரம். மரத்தின் நரம்பு எந்தப் பக்கம் ஓடுகிறது, ஏன் ஓடுகிறது. பசையில் எத்தனை வகை. எந்தப் பசைக்கு எவ்வளவு தண்ணீர். கோடையில் ஒரு மாதிரி காயும், மழைக்காலத்தில் ஒரு மாதிரி காயும். இழைப்புளியைத் துடைக்கிற சாக்கில் மகளின் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“அன்னிக்கு அந்தப் பசை காயலை கண்ணு. காயலைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கிளாம்பைக் கழட்டினேன். அந்த ஆளு நச்சரிச்சான், அதனால கழட்டினேன். நீ தவறி விழலை. என்னாலதான் விழுந்தே. உங்க அம்மாகிட்ட நான் இன்னும் சொல்லலை…”

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

பாப்பா கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். சும்மா கொட்டாவி இல்லை. கண் இரண்டும் மூடி, மூக்கு சுருங்கி, உள்நாக்கு தெரிய, மூன்று வாரத்துக் கொட்டாவியை மொத்தமாகச் சேர்த்து விட்டாள். காதோரத்தில் டக்கென்றது. அவள் வாய் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. கண்ணை உருட்டி அப்பாவைப் பார்த்தாள். இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூடினாள்.

“கழண்டுச்சா?”

“இல்லை.”

“நல்லாப் பாரு.”

அவர் மண்டியிட்டுப் பார்த்தார். “அங்கேயேதான் இருக்கு.”

பாப்பா யோசித்தாள். “இன்னொரு தடவை சொல்லு.”

நாற்காலிக்காரருக்கு வாழ்க்கையில் முதல்முறையாக மறுபடி சொல்லச் சொன்ன ஆள் கிடைத்தது. மரத்திலிருந்து தொடங்கினார். பசையின் வகைகளுக்கு வரும்போது அவள் இமை தாழ்ந்தது. கிளாம்பைக் கழற்றுகிற இடத்தில் சரியாக வாய் பிளந்தது. தன் மனத்தைப் போட்டு அரிக்கிற விஷயம் மற்றவர்களுக்கு இவ்வளவு தூக்கம் தருமா என்று அவருக்கு வருத்தமாகக்கூட இருந்தது. ஆனால் இரண்டு விரல் போனது. மறுநாள் மத்தியானமும் சொன்னார். அன்றைக்கு அவளுடைய மூன்று விரலும் போயின.

மனைவியிடம், “நல்லாத் திறக்கிறா” என்றார். எப்படி என்று மனைவி கேட்டதற்கு, “கதை சொன்னேன்” என்றார். அதுவும் பொய் இல்லை. மாலையில் அம்மா “ஆ சொல்லு” என்றதும் பாப்பா உதட்டை மடித்துக்கொண்டாள். மனைவி எழுந்து போனார். இந்த ஆளை இனி நம்புவதாக இல்லை என்பது அவர் நடையிலேயே தெரிந்தது.

கெடு நாள் வந்தது. அறை, வெளிச்சப் பலகை, ஆடுகிற ஸ்டூல். டாக்டரம்மா குச்சியை எடுத்ததும் பாப்பா பல்லைக் கடித்துக்கொண்டாள். தலைகீழாக நின்றும் ஒரு விரலுக்கு மேல் போகவில்லை. டாக்டரம்மா குச்சிகளை வைத்துவிட்டு, மயக்க மருந்துக்காரருக்கு என்றைக்கு வசதிப்படும் என்று பார்க்கப் போனை எடுத்தார். மனைவி கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“டாக்டர், ஒரு நிமிஷம். நான் ஒரு கதை சொல்லட்டுமா?”

“இப்பவா?” என்றார் மனைவி.

“என்ன கதை?” என்றார் டாக்டரம்மா.

“பசையைப் பத்தி.”

டாக்டரம்மா போனைக் கீழே வைத்தார். பல வருஷமாகப் பெற்றோர்களைப் பார்த்தவர். ஒரு கதைக்கு இடம் கொடுப்பது, கொடுக்காமல் இருப்பதைவிடச் சீக்கிரம் முடியும் என்று அவருக்குத் தெரியும்.

நாற்காலிக்காரர் மரத்திலிருந்து தொடங்கினார். பச்சை மரம் வந்தது, காய்ந்த மரம் வந்தது. நரம்பு ஓடியது. பசைகள் வரிசையாக வந்து போயின. பாப்பாவின் தோள் தளர்ந்தது, இமை தாழ்ந்தது. அந்த இடம் நெருங்கியபோது அவர் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். நாக்கு ஒட்டிக்கொண்டது. சட்டென்று ஒரு தாவு தாவினார்.

“…அப்படிக் காய்ஞ்ச நாற்காலியைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டேன். அவ்வளவுதான்.”

பாப்பாவின் கண் திறந்துகொண்டது. “அப்பா, நடுவுல தாண்டிட்ட.”

“இல்லையே கண்ணு.”

“தாண்டிட்ட. கிளாம்ப் வரலை. முழுசாச் சொல்லு.”

டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். மேஜை மேல் போன் கிடந்தது. நாற்காலிக்காரர் மகளின் மோவாயில் இருந்த தழும்பைப் பார்த்தார். இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது.

“பசை காயலை” என்றார். “காயலைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கிளாம்பைக் கழட்டினேன். பாப்பா தவறி விழலை. நான் கழட்டினதாலதான் நாற்காலிக் கால் கழண்டு விழுந்தா. பயந்துபோய் வீட்டுல மறைச்சுட்டேன். இனிமே எதையும் கழட்டவே கூடாதுன்னுதான் அந்தத் துணியைக் கட்டினேன்.”

பாப்பாவின் வாய் திறந்தது. திறந்தது, திறந்தது, திறந்துகொண்டே போனது. டாக்டரம்மா குச்சியைத் தேடவில்லை. குழந்தையின் மூன்று விரலை ஒன்றாகப் பிடித்து, பல்லுக்கு நடுவே வைத்தார். தாராளமாகப் போயிற்று. காதோரம் விரல் வைத்து மூட்டு நகர்வதைத் தொட்டுப் பார்த்தார்.

“போதும். இது போதும். மயக்க மருந்தெல்லாம் வேண்டாம்” என்று சொல்லும்போதே அவருக்கும் தொற்றிக்கொண்டது. புறங்கையால் மறைத்துக்கொண்டு, ஸ்டூல் ஆட ஆட, நீளமாக ஒரு கொட்டாவி விட்டார். “வீட்டுல தினமும் இந்தக் கதையைச் சொல்லுங்க. ஒரு வரி விடாம.”

நாற்காலிக்காரர் தலையாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கைக்குட்டை தேடினார். பாப்பா இரண்டாவது கொட்டாவிக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள்.

அந்த அறையில் தூக்கம் வராதவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பேச ஆரம்பித்தால் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறவர், நாற்காலியை அவர் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“கிளாம்பைக் கழட்டினீங்க” என்றார். “அப்புறம்?”